க்வென் ஸ்டேசியின் கழுத்தும் நியூட்டனின் விதியும்

2014 மே மாதம் வெளிவந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2’ படத்தை விமர்சகர்கள் பலர் மதிக்கவில்லை. வில்லன்கள் அதிகம், அடுத்தடுத்த படங்களுக்காகத் தூவிய விதைகள் அதிகம், நடுவில் கதைக்கு மூச்சுவிட இடமில்லை என்றார்கள். மூன்றாம் பாகம் எடுக்கப்படவே இல்லை. 2015 தொடக்கத்தில் சோனியும் மார்வெலும் ஓர் உடன்பாட்டுக்கு வர, வேறொரு நடிகரோடு வேறொரு ஸ்பைடர்மேன் புறப்பட்டுவிட்டான். மார்க் வெப் இயக்கத்தில் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் நடித்த பீட்டர் பார்க்கர், பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வந்த கையோடு அந்தரத்தில் நின்றுபோனான்.

குறைகள் எல்லாம் உண்மைதான். ஆனாலும் இந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லி நான் பலரிடம் வாதாடியிருக்கிறேன், இறுதிப் பகுதியில் வரும் ஒரே ஒரு காட்சிக்காக. சூப்பர்ஹீரோ படங்களில் இயற்பியல் விதிகள் நாயகனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதே வழக்கம். இந்தக் காட்சியில் விதி ஒதுங்க மறுக்கிறது.

மணிக்கூண்டுக்குள் பிரம்மாண்டமான பல்சக்கரங்கள் சுழல்கின்றன. க்ரீன் காப்ளினாக மாறிவிட்ட ஹாரி ஆஸ்போர்னோடு பீட்டர் போராடிக்கொண்டிருக்கிறான். பீட்டரின் காதலி, எம்மா ஸ்டோன் நடித்த க்வென் ஸ்டேசி, அவன் விட்ட நூல் ஒன்றில் தொங்குகிறாள். சக்கரப் பற்களுக்கு இடையில் சிக்கி அந்த நூல் அறுகிறது. அவள் விழுகிறாள். அவனும் பாய்ந்து, பாய்ந்தபடியே மணிக்கட்டிலிருந்து நூலை எய்கிறான். காட்சி மெதுவாகிறது. நூலின் நுனி பல இழைகளாகப் பிரிந்து, விரல் விரித்த கை ஒன்று அவளைத் தேடிப் போவதுபோல் நீள்கிறது. எட்டியும் விடுகிறது. தரைக்குச் சற்று மேலே அவள் உடலின் நடுப்பகுதியைப் பற்றி இழுக்கிறது. உடல் பின்னோக்கி வில்லாய் வளைகிறது. தலை கீழ்நோக்கி வீசப்படுகிறது. மணிக்கூண்டின் முட்கள் 1:21இல் நின்றுவிடுகின்றன.

அந்த நேரம் தற்செயலானது அல்ல. ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ காமிக்ஸின் 121ஆம் இதழ், 1973 ஜூன் மாத இதழ், க்வென் இறந்த இதழ். எழுதியவர் ஜெர்ரி கான்வே; அப்போது அவருக்கு வயது 20. வரைந்தவர் கில் கேன். பாலத்தின் கோபுரத்திலிருந்து காப்ளின் அவளைத் தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் நூல் வீசிக் காலைப் பற்றி நிறுத்துகிறான். பெருமிதத்தோடு மேலே இழுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. நூல் அவளைப் பற்றிய சித்திரத்தில், கழுத்துக்கு அருகே, எலும்பு முறியும் ஓசையைக் குறிக்கும் ஒரு சின்னச் சொல் போடப்பட்டிருந்தது. பார்த்த வாசகர்கள் கொதித்தார்கள். விழுந்ததில் இறந்தாளா, நாயகனே கொன்றுவிட்டானா என்ற சண்டை பல மாதங்கள் நீண்டது. கடைசியில் வாசகர் கடிதப் பகுதியில் ஆசிரியர் ராய் தாமஸ் பதில் சொன்னார்: திடீரென்று நிறுத்தப்பட்டதில் கழுத்து வெட்டி இழுக்கப்பட்டதுதான் காரணம், வேறு வழியில் அவளைக் காப்பாற்றியிருக்கவும் முடியாது. சிறுவர்கள் படிக்கும் படக்கதை என்று ஒதுக்கப்பட்ட ஒன்றில், அமெரிக்காவின் பள்ளிப் பிள்ளைகள் பலரும் தங்கள் முதல் இயற்பியல் விவாதத்தை நடத்திமுடித்துவிட்டார்கள்.

படத்தின் மற்ற இடங்களில் அறிவியல் இவ்வளவு கண்டிப்பாக நடந்துகொள்ளவில்லை. ஜேமி ஃபாக்ஸ் நடித்த மேக்ஸ் டில்லன் மின்விலாங்குகள் நீந்தும் தொட்டியில் விழுந்து, மின்சாரமே உடலாகி எழுகிறான். மின்விலாங்கு வியப்பான உயிரினம்தான். பெயரில் விலாங்கு இருந்தாலும் உறவு கெளுத்தி மீனோடு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.15 வோல்ட் மட்டுமே தரும் ஆயிரக்கணக்கான செல்களை அது வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறது. 2019இல் தனி இனமாகப் பிரித்து அறியப்பட்ட எலக்ட்ரோஃபோரஸ் வோல்டாய் 860 வோல்ட் வரை பாய்ச்சும். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் சில மில்லிநொடிதான். அந்த மீன் தன் மின்சாரத்தை உணவிலிருந்து சிறுகச் சிறுகச் சேமிக்கிறது. கடிபட்டவனுக்கு அதை வாரிக் கொடுக்க அதனிடம் ஒரு கிடங்கும் இல்லை. நியூயார்க்கின் மின்கட்டமைப்பையே விழுங்கும் எலக்ட்ரோவை அழகான நீல ஒளியாக ரசிக்கலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு படம் கடைசியில் நியூட்டனுக்குப் பணிந்து நிற்பதால்தான் மணிக்கூண்டுக் காட்சி இன்னும் பெரிதாகிறது.

மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் காமிக்ஸ் கதைகளை வைத்தே முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தியவர். கார்ஃபீல்ட் நடித்த முதல் படத்துக்கு, 2012இல், அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். க்வென்னின் மரணத்தை அவர் தன் புத்தகத்தில் கணக்காகவே போட்டுக் காட்டினார். பாலத்திலிருந்து 300 அடி விழுந்தால் மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வேகம் வரும். அரை நொடியில் நூல் அதைச் சுழியமாக்கினால், உடல் தன் எடையைப்போலப் பத்து மடங்கு விசையைத் தாங்க வேண்டும். ராய் தாமஸ் சொன்ன பதிலில் இயற்பியல் இருக்கிறது என்பது அவர் முடிவு.

நாம் மணிக்கூண்டுக்கு வருவோம். படத்தில் உயரம் சொல்லப்படவில்லை. கணக்குக்காக 45 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், கிட்டத்தட்ட பதினைந்து மாடி. அந்த உயரத்திலிருந்து விழ மூன்று நொடி ஆகும். மூன்றாவது நொடியின் முடிவில் வேகம் நொடிக்கு 30 மீட்டரை நெருங்கும், அதாவது மணிக்கு 107 கிலோமீட்டர். இந்த வேகம் தன்னளவில் அவளை ஒன்றும் செய்யாது. மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தில் நாம் காபி குடித்தபடி உட்கார்ந்திருக்கிறோம். வேகம் மாறும்போதுதான் உடல் அதை உணரும். எவ்வளவு சீக்கிரம் மாறுகிறதோ அவ்வளவு கடுமையாக உணரும். உந்தம் எவ்வளவு மாற வேண்டும் என்பது விழுந்த உயரத்திலேயே முடிவாகிவிட்டது. அந்த மாற்றத்தை எத்தனை நொடிக்குள், எத்தனை மீட்டருக்குள் நடத்துவது என்பது மட்டும்தான் பிடிப்பவன் கையில் இருக்கிறது. பள்ளிப் பாடநூலில் கணத்தாக்கு என்ற தலைப்பின் கீழ், கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னுக்கு இழுப்பது ஏன் என்று படித்தது இதைத்தான்.

இதை மனக்கணக்காகவே போட ஒரு நேர்வழி உண்டு. புவியீர்ப்பு 45 மீட்டர் தூரம் இழுத்து அந்த வேகத்தைக் கொடுத்திருக்கிறது. அதே வேகத்தை ஒரே மீட்டரில் பறிக்க வேண்டுமென்றால், புவியீர்ப்பைப்போல 45 மடங்கு வலுவாக எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். விழுந்த தூரத்தை நிறுத்தும் தூரத்தால் வகுத்தால் போதும். அரை மீட்டரில் நிறுத்தினால் 90 மடங்கு. ஐந்து மீட்டரில் என்றால் 9. பதினைந்து மீட்டர் கிடைத்தால் 3 மடங்குதான். ரோலர் கோஸ்டரில் ஏறுகிறவர்கள் அதைவிட அதிகம் அனுபவிக்கிறார்கள். இந்த மடங்கைத்தான் பொறியாளர்கள் ‘ஜி’ என்கிறார்கள். ஒரே உயரம், ஒரே பெண், ஒரே நூல். நிற்பதற்குக் கிடைக்கிற சில மீட்டர்களே உயிரையும் சாவையும் பிரிக்கின்றன.

எத்தனை ஜி வரை மனித உடல் தாங்கும்? இதற்குப் பதில் தேடித் தன் உடலையே சோதனைக்குக் கொடுத்தவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப். 1954 டிசம்பர் 10 அன்று, நியூ மெக்ஸிகோவின் ஹாலமன் விமானப்படைத் தளத்தில், ராக்கெட்டுகள் தள்ளும் சறுக்குவண்டியில் உட்கார்ந்து மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். வண்டி 1.4 நொடியில் நின்றது. உச்சத்தில் அவர் உடல் தாங்கியது 46.2 ஜி. கண்களில் ரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வை போனது, பிறகு திரும்பியது. 89 வயது வரை வாழ்ந்து 1999இல்தான் காலமானார். விமானங்களில் இறந்த வீரர்களைவிட சாலையில் காரில் இறந்த வீரர்கள் அதிகம் என்பதை அவர் கவனித்தார். மீதி வாழ்நாளில் கார்களுக்கு இருக்கை வார் கேட்டுப் போராடினார். இன்று காரில் நாம் சட்டென்று இழுத்து மாட்டிக்கொள்கிற வாருக்குப் பின்னால் இவருடைய கண்ணில் கட்டிய ரத்தமும் இருக்கிறது. சூப்பர்ஹீரோ என்ற சொல்லை நிஜ மனிதர் ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் இவருக்குத்தான் கொடுப்பேன்.

46 ஜியை ஒருவர் தாங்கியிருக்கிறார் என்றால், ககாலியோஸ் கணக்கில் வரும் பத்து ஜி க்வென்னை ஏன் கொல்ல வேண்டும்? இந்த இடத்தில்தான் கழுத்து கதைக்குள் வருகிறது. ஸ்டாப்பின் தோள், மார்பு, இடுப்பு, கால், கை எல்லாம் வார்களால் இருக்கையோடு கட்டப்பட்டிருந்தன. விசை அவர் உடல் முழுவதும் பரவியது. உடல் ஒரே துண்டாக நின்றது. மணிக்கூண்டில் நூல் பற்றுவது க்வென்னின் நடுவுடலை மட்டும். நடுவுடல் நிற்கிறது. தலையும் கால்களும் நிற்கச் சொல்லி யாரும் அவற்றிடம் சொல்லவில்லை. நிலைமத்தின்படி அவை தம் வேகத்திலேயே கீழே போய்க்கொண்டிருக்கின்றன. மனிதத் தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ. பத்து ஜியில் அது ஐம்பது கிலோபோலக் கழுத்தை இழுக்கும். 45 ஜியில் இருநூறு கிலோவைத் தாண்டும். அந்தச் சுமையை நிறுத்த இருப்பது ஏழு சிறிய முள்ளெலும்புகளும் அவற்றைக் கட்டியிருக்கும் தசைநார்களும். அவற்றுக்குள்ளே ஓடும் தண்டுவடத்தில், மூன்றாம், நான்காம், ஐந்தாம் கழுத்து நரம்புகள்தாம் உதரவிதானத்தை அசைத்து மூச்சை நடத்துகின்றன. அதற்கு மேலே தண்டுவடம் சிதைந்தால் மூச்சு அங்கேயே நின்றுவிடும்.

உடல் கட்டப்பட்டும் தலை கட்டப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதை கார்ப் பந்தய உலகம் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து அவர் இறந்தார். இத்தகைய மரணத்தைத் தடுக்க ஒரு கருவி அப்போதே இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் பந்தய ஓட்டுநர் ஜிம் டௌனிங்கும் 1980களில் உருவாக்கிய ‘ஹான்ஸ்’. தோள்மேல் அமரும் கழுத்துப்பட்டை, அதிலிருந்து தலைக்கவசத்துக்கு இரண்டு வார்கள். உடல் நிற்கும்போது தலையும் சேர்ந்து நிற்கும், வேறொன்றும் இல்லை. ஓட்டுநர்கள் பலர் அசௌகரியம் என்று அதை ஒதுக்கிவைத்திருந்தார்கள். எர்ன்ஹார்ட் இறந்த அதே ஆண்டு அக்டோபரில் நாஸ்கார் தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. 2003இல் ஃபார்முலா ஒன் பந்தயமும் ஹான்ஸைக் கட்டாயமாக்கியது. ராய் தாமஸ் 1973இல் வாசகர்களுக்கு எழுதிய பதிலும் இந்தக் கழுத்துப்பட்டையும் சொல்வது ஒன்றே.

இதற்கு நேரெதிரான காட்சி ஒன்று, சாம் ரைமி இயக்கிய 2004ஆம் ஆண்டின் ‘ஸ்பைடர்மேன் 2’இல் இருக்கிறது. ஓடும் ரயிலின் முன்னால் நின்று, இரு பக்கக் கட்டடங்களிலும் நூல்களை ஒட்டி, டோபி மக்வயர் ரயிலை நிறுத்துவார். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக மாணவர்கள் இதைக் கணக்கிட்டார்கள். நொடிக்கு 24 மீட்டர் வேகத்தில் ஓடும் ரயில், பயணிகளோடு சேர்த்து இரண்டு லட்சம் கிலோ, நிற்க எடுத்துக்கொண்ட நேரம் 50 நொடி. நூல்கள் தாங்கிய விசை மூன்று லட்சம் நியூட்டன். அது உண்மையான சிலந்தி நூல் தாங்கக்கூடிய எல்லைக்குள்தான் வருகிறது என்று அவர்கள் காட்டினார்கள். எனக்கு அந்த 50 நொடிதான் முக்கியமாகப்படுகிறது. வேகம் அப்படிக் குறைந்தால் உள்ளே இருந்தவர்கள் உணர்வது ஒரு ஜியில் இருபதில் ஒரு பங்கு. நின்றுகொண்டிருந்த பயணி கம்பியைப் பிடித்தால் போதும். ஸ்பைடர்மேன் அங்கே காட்டிய வீரம் வலிமையில் மட்டும் இல்லை, நேரத்தை நீட்டியதிலும் இருக்கிறது.

அப்படியென்றால் மணிக்கூண்டில் அவன் கையில் இருந்த நூல் எப்படிப்பட்டது? கார்ஃபீல்டின் பீட்டருக்கு உடலிலிருந்து நூல் வராது. மணிக்கட்டில் கட்டிய கருவியிலிருந்து, ஆஸ்கார்ப் நிறுவனம் சிலந்திகளிடமிருந்து உருவாக்கிய ‘பயோகேபிள்’தான் பாயும். முதல் படத்திலேயே இது காட்டப்படுகிறது. நூல் சிலந்தியுடையது என்று கதையே ஒப்புக்கொள்வதால், சிலந்தி நூலின் உண்மையான இயல்புகளை வைத்துக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

சிலந்தி நூலை எஃகைவிட வலிமையானது என்று சொல்லிச் சொல்லியே அதன் உண்மையான சிறப்பை மறைத்துவிட்டோம். சிலந்தி தொங்குவதற்கும் வலையின் சட்டத்துக்கும் பயன்படுத்தும் தாங்குநூலின் இழுவலிமை ஏறக்குறைய 1.1 கிகாபாஸ்கல். உயர்தர எஃகுக் கம்பி 1.5, கெவ்லார் 3.6. வலிமையில் மட்டும் பார்த்தால் சிலந்தி தோற்றுவிடும். அறுவதற்கு முன் எவ்வளவு நீளும் என்று பார்த்தால் ஆட்டம் தலைகீழாகிறது. எஃகு நூற்றுக்கு ஒன்றுகூட நீளாது. கெவ்லார் மூன்றுக்கும் குறைவு. சிலந்தியின் தாங்குநூல் நூற்றுக்கு 27. வலையின் ஒட்டும் சுருள்நூல் தன் நீளத்தைப்போல இன்னும் இரண்டரை மடங்குக்கும் மேல் நீளும். வலிமையும் நீட்சியும் சேர்ந்தால் கிடைப்பதுதான் கடினத்தன்மை, அதாவது அறுவதற்கு முன் ஒரு பொருள் விழுங்கும் ஆற்றல். கன மீட்டருக்கு எஃகு 6 மெகாஜூல், கெவ்லார் 50, சிலந்தி நூல் 160. மடகாஸ்கரில் ஆற்றின் குறுக்கே வலைகட்டும் டார்வின் பட்டைச் சிலந்தியின் நூல், 2010இல் வெளியான அளவீடுகளின்படி, இதையும் இரட்டிப்புக்கு மேல் தாண்டுகிறது.

இன்னொரு குணமும் உண்டு. என் பார்வையில் எல்லாவற்றிலும் அருமையானது அதுதான். ரப்பரை இழுத்து விட்டால், வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து எகிறும். சிலந்தி நூல் வாங்கியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெப்பமாக்கி விட்டுவிடுகிறது. நூலின் புரதத்தில் அலனைன் செறிந்த பகுதிகள் இறுகிய நுண்படிகங்களாகவும், கிளைசின் செறிந்த பகுதிகள் ஒழுங்கில்லாத சுருணைகளாகவும் இருக்கின்றன. இழுக்கும்போது சுருணைகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்து ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. படிகங்கள் பிடியை விடாமல் வைத்திருக்கின்றன. வேகமாகப் பறந்து வந்து மோதும் பூச்சியை வலை திருப்பி எறிந்துவிடாமல் இருப்பது இதனால்தான். விழும் ஒருவரைப் பிடிக்கவும் இதைவிடப் பொருத்தமான குணம் இல்லை. எகிறும் நூல் நிறுத்துவதோடு நிற்காமல் மேல்நோக்கியும் வீசும். கழுத்து இரண்டாம் முறை அடிபடும்.

ஆக, கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். க்வென்னின் எடை 50 கிலோ, நூலின் நீளம் 40 மீட்டர் என்று கொள்வோம். நூல் முழுதாக நீண்டால் கிட்டத்தட்ட 11 மீட்டர் கூடும். 45 மீட்டர் விழுந்து, மேலும் 11 மீட்டர் நீண்டு நிற்கும்வரை நூல் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 27,000 ஜூல். சாதாரணத் தோட்டத்துச் சிலந்தியின் தாங்குநூலைத் திரித்த கயிறாக இருந்தால் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் போதும். மொத்தக் கயிறும் கால் கிலோதான். சராசரியாக நாலைந்து ஜி, உச்சத்தில் பத்து ஜி அளவில் அவள் உணர்வாள். அதுவும் இழுவை ஒரே அறையாக விழாமல் ஏறி ஏறி வரும். கழுத்துக்கு ஆபத்து முற்றிலும் நீங்காது, ஆனால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. அதே இடத்தில் கெவ்லார் கயிறு ஒரு மீட்டர்தான் நீளும். இந்தக் கணக்கில் அது 45 ஜி, கிட்டத்தட்ட ஸ்டாப்பின் ராக்கெட் வண்டி. வார் இல்லாமல், இருக்கை இல்லாமல்.

காமிக்ஸும் படமும் பிரிகிற இடம் இதுதான். காமிக்ஸில் கீழே ஆறு, தாராளமாக உயரம். நூல் மட்டும் நீண்டு கொடுத்திருந்தால் க்வென் பிழைத்திருக்கலாம். படத்தில் நூல் அவளைத் தொடும்போது அவளுக்கும் தரைக்கும் இடையில் ஆள் உயரம்கூட இல்லை. உலகின் மிகச் சிறந்த சிலந்தி நூலானாலும் தன் 11 மீட்டரை எங்கே போய் நீட்டும்? நீண்டால் தரை, நீளாவிட்டால் கழுத்து. அந்தக் கணத்தில் பீட்டர் எந்த நூலை எய்திருந்தாலும் பயனில்லை. மேலே சக்கரத்தில் நூல் அறுந்த பின் கடந்துபோன முதல் நொடியில் அவள் விழுந்தது வெறும் 5 மீட்டர்; மூன்றாவது நொடியில் மட்டும் 25 மீட்டர். தாமதமான ஒவ்வொரு பத்தில் ஒரு நொடியும் கடைசியில் இரண்டரை மீட்டரைத் தின்றுவிடுகிறது. மார்க் வெப் இந்தக் கணக்கைப் போட்டுப் படமெடுத்தாரா என்பது முக்கியமில்லை. காட்சி கணக்கோடு பொருந்துகிறது, அதனால் பார்ப்பவர் மனம் எதிர்ப்பின்றி அதை நம்புகிறது.

சிலந்தியே விழும்போது என்ன செய்கிறது என்று பார்த்தால் பீட்டருக்கு எது தெரியாமல் போனது என்பது விளங்கும். கூரையிலிருந்து இறங்கும் சிலந்தி, நூலை ஒட்டிவிட்டுக் குதித்துக் கடைசியில் வெடுக்கென்று நிற்பதில்லை. நூலை உடலிலிருந்து விட்டுக்கொண்டே இறங்குகிறது. நூற்புறுப்புக்குள் இருக்கும் அடைப்பு நூலை அழுத்திப் பிடித்து உராய்வால் வேகத்தைக் குறைக்கிறது. பின்னங்கால்களின் நகங்களும் நூலைப் பற்றி பிரேக் போடுகின்றன. நூல் நீளும் தூரத்தோடு நூல் வழுக்கும் தூரமும் சேர்ந்துகொள்கிறது. பாறை ஏறுபவர்கள் இதே அறிவைத் தனியே கண்டடைந்திருக்கிறார்கள். அவர்களுடைய நைலான் கயிறு, விழுபவரை நிறுத்தும்போது நீண்டுகொடுக்கவே நெய்யப்படுகிறது. 80 கிலோ எடை விழும் சோதனையில் இழுவிசை 12 கிலோநியூட்டனைத் தாண்டினால் அந்தக் கயிறு தேறாது. கீழே கயிறு பிடிப்பவர், விழுபவரின் எடை வந்து இழுக்கும் கணத்தில் மேலே ஒரு சிறு துள்ளல் துள்ளுவார். அந்த அரை மீட்டர் மேலே இருப்பவரின் இடுப்பையும் முதுகையும் காக்கிறது.

ஆஸ்கார்ப்பின் பயோகேபிள் இனி முழுக் கற்பனையும் இல்லை. சிலந்திகளைப் பண்ணையில் வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் 2023இல் சீனாவின் தோங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டுப்புழுவின் மரபணுவில் திருத்தம் செய்து, அதையே சிலந்தி நூல் நூற்க வைத்தார்கள். கிடைத்த நூலின் இழுவலிமை 1.3 கிகாபாஸ்கல், கடினத்தன்மை கன மீட்டருக்கு 319 மெகாஜூல். கெவ்லாரைப்போல ஆறு மடங்கு. அறுவைச் சிகிச்சைத் தையல் நூலும் பாதுகாப்பு உடையும் அவர்கள் கண்ணில் இருக்கும் பயன்கள். மீட்புக் கயிறும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கார்ஃபீல்டின் பீட்டருக்கு ஏழு ஆண்டுகள் கழித்து இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. 2021இல் வெளிவந்த ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ மூன்று ஸ்பைடர்மேன்களை ஒன்றாகக் கொண்டுவந்தது. டாம் ஹாலண்டின் பீட்டருடைய காதலி எம்ஜே சாரத்திலிருந்து விழுகிறாள். அந்தப் பீட்டர் பாய, காப்ளின் அவனை வழியிலேயே மோதித் தள்ளிவிடுகிறான். கார்ஃபீல்ட் குதிக்கிறார். திரையரங்குகளில் அழுகை கேட்டது இந்த இடத்தில்தான். கதைக்காக அழுதவர்களோடு இயற்பியலுக்காக நெகிழ்ந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர் எம்ஜேயை நோக்கி நூல் எய்யவில்லை. தானே பாய்ந்து அவளை எட்டுகிறார். வெறுமனே விழுந்தால் எட்ட முடியாது. எடை எதுவானாலும் எல்லாரும் ஒரே முடுக்கத்தில்தான் விழுவார்கள், இடைவெளி மூடாது. சாரத்தைக் காலால் உதைத்துக் கீழ்நோக்கிக் கூடுதல் வேகம் எடுத்தவரால் மட்டுமே அது முடியும். சிலந்தியின் கால்வலு உள்ளவருக்கு அது கைகூடும்.

எட்டும்போது இருவரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே அவர் கைகள் அவளைப் பற்றுகிற கணத்தில் கணத்தாக்கு மிகச் சிறியது. இனி பிரேக் போடும் விசை நூலிலிருந்து அவர் உடலுக்கும், அவர் உடலிலிருந்து அவள் முதுகு முழுவதற்கும் பரவிச் செல்லும்; அவர் தோளில் சாய்ந்த தலைக்கு அந்தத் தோளே ஹான்ஸ் பட்டை. நிறுத்த வேண்டிய எடை மட்டும் கூடியிருக்கிறது: இருவரும் சேர்ந்து 120 கிலோ என்று கொண்டால், மணிக்கூண்டுக் கணக்கின்படி அதே உயரத்துக்கு நூலின் தடிமன் இரண்டரை மில்லிமீட்டரிலிருந்து நான்காக ஏறினால் போதும்.